பச்சைப் பிள்ளைக்குக் குலுக்கல் சிகிச்சையா?

பண்ருட்டிக்காரன்:
போன மாதம் என் அக்கா மகளுக்குப் பிரசவம். பிள்ளை பிறந்ததும் அழவில்லை. மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்று புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸை விட்டு இறங்கியதும் ஒரு டாக்டர் ஆராய்ச்சிக்குச் சம்மதமா என்று தாளை நீட்டுகிறார். எந்தப் பிள்ளைக்கு எரித்ரோபொய்டின் ஊசி போடுவது, எதற்கு வேண்டாம் என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்களாம். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டோம். இதற்கு எப்படி மனசு வருகிறது?

முத்தியால்பேட்டை நர்ஸ்:
அண்ணே, மருந்து கேட்கும் என்று தெரிந்தால் எதற்குக் குலுக்கப் போகிறார்கள்? கிட்னி நோயாளிகளுக்கு ரத்தம் ஊறப் போடும் ஊசிதான் அது. அமெரிக்காவில் 500 குழந்தைகளிடம், உடம்பைக் குளிர்விக்கும் சிகிச்சையோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: கூடுதல் பலன் இல்லை.

பண்ருட்டிக்காரன்:
அங்கேயே தோற்றதை இங்கே எதற்கு?

முத்தியால்பேட்டை நர்ஸ்:
குளிர்விக்காமல் ஊசி மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. குளிர்விப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் உடம்பை 33.5 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். பணக்கார நாடுகளில் அதுதான் வழக்கமான சிகிச்சை. நம் ஜிப்மரில் ஜெல் பேக் வைத்தே 124 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவு நன்றாகவே இருந்தது. ஆனால் ஹெலிக்ஸ் என்று இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனையில் குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31. அதையும் சோதித்ததால்தானே தெரிந்தது!

திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்:
அந்த 42இல் இருந்த பிள்ளைகளைப் பெற்றவர்களும் கையெழுத்துப் போட்டவர்கள்தானே அம்மா? தாய் கடலூரில் தையலோடு படுத்திருப்பாள், தகப்பன் புதுச்சேரியில் நிற்பான். 6 மணி நேரக் கெடுவில் அவன் எதைப் படித்து, எதைப் புரிந்துகொள்வான்? அதற்குப் பெயர் சம்மதமா?

முத்தியால்பேட்டை நர்ஸ்:
அது நியாயம்தான் சார். அந்தத் தாளைப் பிரசவ வலியில் காட்டாமல், மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போதே விளக்கலாம். ஆனால் ஹெலிக்ஸ் முடிவு வருவதற்கு முன்பே பல ஊரில் குளிர்வித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதுவும் சோதனைதான், கணக்கு எழுதாத சோதனை.

திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்:
மாதாந்திரப் பரிசோதனையில் சொல்லலாம் என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை இல்லை.

பண்ருட்டிக்காரன்:
பிள்ளை 22ஆம் நாள் வீட்டுக்கு வந்தான். பால் குடிக்கிறான், வலிப்பு மருந்து ஓடுகிறது. அந்தத் தாள் மாப்பிள்ளை வண்டியில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் படிக்கிறேன் நர்ஸம்மா. குலுக்கல் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.