பாதாள சாக்கடை மூடியைத் திறந்தால் தெருத்தண்ணீர் வடியுமா?

கோடம்பாக்கத்தான்:
தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். கடப்பாரையால் பாதாள சாக்கடை மூடியை நெம்பித் திறந்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். மழைத்தண்ணீரும் சாக்கடைத்தண்ணீரும் ஒரே வழியில்தானே போகின்றன? 2015 வெள்ளத்திலிருந்து எங்கள் தெருவில் இப்படித்தான் செய்கிறோம்.

வாசு:
ஒரே வழியா? யார் சொன்னது? 27 வருடம் குழாய் பதித்தவன் நான். சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. சாலையோரமாகப் போய் ஓட்டேரி நல்லா ஓடை, மாம்பலம் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் என்று எதிலாவது சேர்ந்து கடலுக்குப் போகும். நடுவில் சுத்திகரிப்பே கிடையாது. பாதாள சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் மட்டும் அதில் வர வேண்டும். அதை நீரேற்று நிலையத்தில் பம்ப் செய்து கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்புகிறார்கள். மூடியைத் திறக்காதீர்கள்.

கோடம்பாக்கத்தான்:
பாடம் நடத்தியதற்கு நன்றி சார். மூடியைத் திறந்தால் வடிகிறதா, இல்லையா? நான் கண்ணால் பார்த்தேன், வடிகிறது.

அயனாவரம் தேவி:
வடியும் அண்ணா, எங்கள் வீட்டுக்குள். தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். மேல்தெருவில் யாரோ மூடியைத் திறந்த ராத்திரி, கழிவறைக் கோப்பை வழியாகப் பொங்கிக் கூடம் வரை வந்துவிட்டது. மாமியார் விடியும்வரை கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோடம்பாக்கத்தான்:
வீட்டைப் பள்ளத்தில் கட்டிவிட்டு ஊரார்மேல் பழி போட்டால் எப்படி அம்மா?

அயனாவரம் தேவி:
வீடு கட்டி 30 வருடம் ஆகிறது. கட்டும்போது வாசலில் மூன்று படி இருந்தது. ரோட்டின்மேல் ரோடு போட்டு இப்போது ஒரு படிகூட இல்லை. யார் பள்ளத்தில் கட்டியது?

வாசு:
கணக்குப் பாருங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனைமேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 22,000 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர்ச் செலவு என்றுதான் வடிவமைப்பில் கணக்கு வைப்பார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். அதாவது ஒரே ராத்திரி மழை, அந்த வீட்டின் நாற்பது நாள் கழிவுநீருக்கும் மேல். அந்தக் குழாய் எப்படித் தாங்கும்? நீரேற்று நிலையம் திணறும், தாழ்வான வீட்டில் பொங்கும். மூடியைத் திறக்காதீர்கள்.

லண்டன் குமரன்:
இங்கே லண்டனில் பழைய பகுதிகளில் இரண்டும் ஒரே குழாயில்தான் போகின்றன. ஊர் முழுகிவிடவில்லை. 27 வருட அனுபவத்துக்கு இது தெரியாதா?

வாசு:
தெரியும் தம்பி. அந்த ஒரே குழாய் நிரம்பி மழைதோறும் தேம்ஸில் கழிவைக் கொட்டியதால்தான் 25 கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்டினார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோடம்பாக்கத்தான்:
வாசு சார் எப்போதும் இப்படித்தான். போன வருடம் என் போர்வெல் ஆறு மாதத்தில் வறண்டுவிடும் என்று இதே வாயால் சொன்னார். இன்றும் தண்ணீர் வருகிறது.

வாசு:
மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாவிட்டால் வறண்டுவிடும் என்றேன். கட்டினீர்களா, இல்லையா?

கோடம்பாக்கத்தான்:
அது வேறு விஷயம்.

செம்பியம் ராஜா:
ரெண்டு பேரும் நிறுத்துங்கள். வீட்டுக் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் விடும் அடுக்குமாடிகளைப் பற்றி யாராவது பேசினீர்களா? கூவம் நாறுவது எதனால்? மழையே இல்லாத மே மாதத்தில் எங்கள் தெரு வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது, கொசு மொய்க்கிறது.

வாசு:
சரிதான். ஆனால் இப்போதைய பேச்சு மூடி. இன்னொன்று, திறந்த குழி தண்ணீருக்குள் தெரியாது. இருட்டில் நடந்து வருபவர் நேராக உள்ளே போவார்.

கோடம்பாக்கத்தான்:
நாங்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. குழியில் மரக்கிளை நட்டுச் சிவப்புத்துணி கட்டுகிறோம்.

அயனாவரம் தேவி:
மின்சாரம் போன ராத்திரியில் சிவப்புத்துணி யார் கண்ணுக்குத் தெரியும்?

வாசு:
கடப்பாரை தூக்கத் தெம்பு இருந்தால் வடிகால் வாயில் அடைத்திருக்கும் பாலித்தீன் பை, இலை, மண்ணை எடுத்துவிடுங்கள். பாதித் தண்ணீர் போய்விடும்.

கோடம்பாக்கத்தான்:
அதைச் செய்யாமலா இருப்போம்? கால்வாயே நிரம்பி, வடிகால் வழியாகத் தண்ணீர் எதிர்த்துத் தெருவுக்கு வருகிறது சார். அப்போது என்ன செய்வது, சொல்லுங்கள்.

வாசு:
கடல் ஏற்றமாக இருந்தால் முகத்துவாரம் கால்வாய்த் தண்ணீரை வாங்காது. இறங்கும்வரை சில மணி நேரம் பொறுக்க வேண்டும். மோட்டார் வைத்து இறைக்கச் சொல்லி மாநகராட்சியைக் கேளுங்கள்.

கோடம்பாக்கத்தான்:
பொறுக்க வேண்டுமாம்! வீட்டுக்குள் தண்ணீர் வந்தவனிடம் வந்து சொல்லுங்கள்.

அயனாவரம் தேவி:
எங்கள் வீட்டுக்குள் வந்தது தண்ணீர் இல்லை அண்ணா.

செம்பியம் ராஜா:
அடுக்குமாடி விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கோடம்பாக்கத்தான்:
இன்று ராத்திரி கனமழை என்கிறார்கள். தண்ணீர் ஏறினால் எங்கள் தெரு மூடி திறக்கும்.

வாசு:
திறக்காதீர்கள்.