இரத்ததான முகாமில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்: இந்த விதிகள் நியாயமானவையா?

கேள்வி: கொட்டகலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தின் கொட்டகலைப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டி, பழைய மாணவர்கள் பாடசாலை மண்டபத்தில் ஓர் இரத்ததான முகாமை ஒழுங்கு செய்திருந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களில் கணிசமானோர், அன்றைய சம்பளம் அரைப்பேராக, அதாவது அரைநாள் கூலியாக, குறையும் என்று தெரிந்தும், குளித்து நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தராசிலேயே நிறுத்தப்பட்டார்கள். 50 கிலோ வேண்டுமாம்; இவர்களில் பலர் 42, 45 கிலோவைத் தாண்டாதவர்கள். தராசைக் கடந்த சிலரின் விரல்நுனியிலிருந்து எடுத்த துளி நீல நிறத் தண்ணீரில் அமிழாமல் மிதந்துகொண்டிருந்ததால், "இரத்தம் காணாது" என்று அவர்களும் அனுப்பப்பட்டார்கள். இருபது வருடத்துக்கு மேலாகப் பெயர் பதிந்து வேலை செய்யும் ஒருவர் என்னிடம், "இவ்வளவு காலம் கூடை சுமந்த உடம்பு டீச்சர், ஒரு பை இரத்தம் குடுக்க மட்டும் லாயக்கில்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. வந்திருந்த குழுவில் தமிழ் சரளமாகத் தெரிந்தவர் எவரும் இல்லாத காரணத்தால், படிவத்திலுள்ள கேள்விகளை வாசித்து விளங்கப்படுத்தும்படி என்னையே கேட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்டவருடன் உடலுறவு உண்டா, போதை ஊசி பழக்கம் உண்டா, ஒருபாலுறவினரா என்ற கேள்விகளை, எனது மாணவர்களின் தந்தையரிடமும் அண்ணன்மாரிடமும், பின்னால் பத்துப் பேர் நிற்க, நான் வாசித்தேன். கேள்வி முடிவதற்கு முன்பே எல்லோரும் "இல்லை" என்றார்கள். கொழும்பில் வேலை செய்து திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு வாலிபர் மட்டும் படிவத்தை வாங்கி ஒருமுறை வாசித்துவிட்டு, மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலைக்குள் அவரைப் பற்றித் தொழிலாளர் குடியிருப்பான லயமெங்கும் பேச்சு.

இந்த விதிகள் எங்கள் மக்களுக்குப் பாரபட்சமானவையா, அல்லது உண்மையிலேயே அவசியமானவையா? விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த முகாமுக்கு முன் எங்கள் பெண்களுக்கு ஒரு மரியாதையான பதிலைச் சொல்ல முடியும்.

பதில்: பதுளை ஆய்வுகூடத்திலிருந்து

ஆசிரியை அவர்களுக்கு, நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளனாகப் பல வருடங்கள் பணியாற்றியவன். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். படிவத்திலும் பரிசோதனையிலும் உள்ள விதிகளில் ஒரு பகுதி இரத்தத்தைப் பெறும் நோயாளியைக் காப்பது. மற்றொரு பகுதி கொடுப்பவரையே காப்பது. எடையும் ஈமோகுளோபினும் பெருமளவுக்கு இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அந்த அம்மாவின் இரத்தம் தரம் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவரிடமிருந்து அதை எடுப்பது அவருக்குக் கூடாது என்றே சொல்லப்பட்டது. ஆனால் "காணாது" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் முடித்துவிட்டால், கேட்பவருக்கு அது அவமானமாகத்தான் ஒலிக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பெண்ணின் உடலில் கிலோவுக்கு ஏறத்தாழ 65 மில்லிலீற்றர் இரத்தம் உண்டு. 43 கிலோ எடையுள்ளவரிடம் மொத்தம் 2.8 லீற்றர் அளவில்தான் இருக்கும். ஒரு பையில் 450 மில்லிலீற்றர் எடுத்தால் அதில் 16 வீதம் போய்விடுகிறது. 60 கிலோ பெண்ணுக்கு அதே பை 11.5 வீதம் மட்டுமே. முன்னவர் எழுந்து நிற்கும்போது மயங்கி விழும் வாய்ப்பு அதிகம். மறுநாள் மழையில் வழுக்கும் மலைச்சரிவில் கூடையுடன் ஏறப்போவதும் அவரே. "கொஞ்சம் குறைவாக எடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். 450 மில்லிலீற்றர் பையில் இரத்தம் உறையாதிருக்க 63 மில்லிலீற்றர் திரவம் முன்கூட்டியே விடப்பட்டிருக்கும். இரத்தம் குறைந்தால் அந்த விகிதம் கெட்டுவிடும். அதற்கென்று 350 மில்லிலீற்றர் பைகள் உள்ளன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2012 வழிகாட்டலும் 45 கிலோ உள்ளவரிடம் 350 மில்லிலீற்றர் எடுக்கலாம் என்கிறது. இந்தியாவில் அது நடைமுறையில் உண்டு. ஆகவே 50 என்ற எல்லை பையின் அளவோடு சேர்ந்து வருவது. உடம்பின் தகுதியைப் பற்றிய தீர்ப்பு அன்று. மெலிந்த உடல்வாகு கொண்ட எங்கள் மக்களுக்குச் சிறிய பை பற்றி யோசிக்கலாமே என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. 42 கிலோவுக்கு அதுவும் உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நீலத் தண்ணீர் என்பது கொப்பர் சல்பேட் கரைசல், நம்மவர் மயில்துத்தம் என்று சொல்வது. ஒப்படர்த்தி 1.053 ஆக அமைத்த கரைசலில் துளி அமிழ்ந்தால் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.5 கிராமாவது இருக்கிறது என்று கொள்ளப்படும். மலிவான, விரைவான முறை. ஆனால் ஆம் அல்லது இல்லை என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. துளியில் காற்றுக்குமிழி அகப்பட்டால்கூட மிதந்துவிடும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால்தான் சோகை என்பார்கள். ஆக 12.2 உள்ள பெண் நோயாளியும் அல்லர், அந்தக் கரைசலின்படி கொடையாளரும் அல்லர். 8 கிராம் உள்ளவரின் துளியும் அதே போலத்தான் மிதக்கும். அந்த இருவரையும் ஒரே வார்த்தையோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் உண்மையான அநியாயம் என்பேன். திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் முழுமையான இரத்தப் பரிசோதனைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். உயரமான இடத்தில் வாழ்பவரின் ஈமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். 1500 மீற்றர் உயரத்தில் 0.5 கிராமைக் கழித்துப் பார்க்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் நெடுங்காலம் கூறிவந்தது. நுவரெலியா நகரம் 1868 மீற்றரில் இருக்கிறது. அதாவது அங்கே 12 காட்டும் பெண், கடற்கரையூர்க் கணக்கில் சோகை உள்ளவர். ஒருமுறை இரத்தம் கொடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து வெளியேறுகிறது. ரொட்டியும் சம்பலும் உண்டு, கூடவே சாயத்தண்ணீரும் (பால் சேர்க்காத தேநீர்) குடித்து, உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் செய்துகொள்ளும் ஒருவருக்கு அதை மீட்கப் பல மாதங்கள் ஆகும். தேயிலை பறிப்பவருக்கே தேயிலை இப்படிச் செய்கிறது.

பதில்: மாத்தளையிலிருந்து ஒரு தாய்

என் மகனுக்குத் தலசீமியா; உடல் போதிய ஈமோகுளோபினை உண்டாக்க முடியாத பரம்பரை நோய். மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அவனுக்கு இரத்தம் ஏற்றுகிறோம். இதுவரை எத்தனை பேரின் இரத்தம் அவன் உடம்பில் ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். எனவே பெறுபவர்களின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். கொடுப்பவர் வேண்டாமென்று விலகிப் போகலாம். என் பிள்ளையால் முடியாது. இரத்தம் கொடுப்பது ஒருவருடைய உரிமை என்று பேசத் தொடங்கினால், அந்தப் பையின் மறுமுனையில் இருப்பவரின் உரிமை எங்கே போவது? சந்தேகம் இருந்தால் மறுத்துவிடுங்கள் என்றே நான் சொல்வேன்.

ஆனால் எலும்புக்குள் இரத்தம் உண்டாகும் இடமான என்புமச்சை விடயத்தில் என் கணக்கு வேறாக இருக்கிறது. மாற்று என்புமச்சை பொருத்தினால் மகன் குணமடைய வழியுண்டு என்று வைத்தியர் சொன்னபோது, விதிகளைப் பற்றி நான் முதன்முறையாக நிதானமாகக் கேட்டறிந்தேன். எச்.எல்.ஏ. எனப்படும் இழையப் பொருத்தம் உடன்பிறந்த ஒருவரிடம் கிடைக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. எங்கள் மகளுக்குப் பொருந்தவில்லை. அதன்பின் உறவல்லாதவரைத்தான் என்புமச்சைக் கொடையாளர் பதிவேடுகளில் தேட வேண்டும். அந்தப் பொருத்தம் பரம்பரையாக வருவதால், ஒரே பூர்வீகத்தைச் சேர்ந்தவரிடம் கிடைக்கும் வாய்ப்புக் கூடுதல். எங்கள் பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஆகையால், சென்னையில் 2009 இல் தொடங்கப்பட்ட தாத்ரி பதிவேட்டிலும் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி நடந்து வந்தவர்களின் உறவு, இருநூறு வருடம் கழித்து ஒரு பிள்ளையின் இரத்தத்தில் தேடப்படுகிறது. தேடல் இன்னும் முடியவில்லை.

ஒரு பை இரத்தத்தை மறுத்தால் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு பை கிடைக்கும். பொருந்திய ஒரே என்புமச்சைக் கொடையாளரை மறுத்தால் இன்னொருவர் இல்லாமலே போகலாம். அதனால்தான் அங்கே ஒரு தொகுதியாரை மொத்தமாக விலக்காமல், இந்தக் கொடையாளர், இந்த நோயாளி, இந்த ஆபத்து என்று தனித்தனியாக நிறுத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஒருபாலுறவு ஆண்கள் இரத்தம் கொடுப்பதற்குத் தடைகள் இருந்தபோதே, என்புமச்சைப் பதிவேட்டில் சேர அவர்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வயது விடயத்தில் மட்டும் என்புமச்சைப் பதிவேடுகளில் கடுமை கூடுதல். இளையவரின் உயிரணுக்களால் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதே காரணம்.

ஊரில் பரவியிருக்கும் ஒரு பயத்தையும் நீக்கிவிடுகிறேன்: என்புமச்சையை முதுகுத்தண்டிலிருந்து எடுப்பதில்லை. இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து, மயக்கமருந்து கொடுத்து எடுப்பார்கள். அல்லது நாலைந்து நாட்கள் ஊசி போட்டு, கையிலிருந்து இரத்தம் போலவே பிரித்தெடுப்பார்கள்.

பதில்: பண்டாரவளை, சட்ட மாணவன்

அம்மா அவர்களின் கவலையை முழுமையாக ஏற்கிறேன். இருந்தாலும், சந்தேகம் என்றால் மறுத்துவிடுங்கள் என்பது எந்தக் கேள்வியால் சந்தேகம் எழுப்பப்படுகிறது என்பதைப் பொறுத்தது அல்லவா?

நோய்த்தொற்று ஏற்பட்டதும் அது பரிசோதனையில் அகப்படாத சில நாட்கள் உண்டு. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளைத் தேடும் பரிசோதனைக்கு எச்.ஐ.வி. அகப்பட மூன்று வாரம் அளவில் ஆகலாம். வைரசின் மரபுப்பொருளான நியூக்கிளிக் அமிலத்தையே தேடும் முறைக்கும் பத்து நாட்கள் அளவில் தேவை. அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் கேள்விகள். அப்படியானால் கேட்க வேண்டியது அண்மைக் காலத்தில் ஒருவர் என்ன செய்தார் என்பதே தவிர, அவர் எத்தகைய மனிதர் என்பதன்று. ஒரே துணையுடன் பல வருடம் வாழும் ஒருபாலுறவினரை விலக்கிவிட்டு, சென்ற வாரம் மூன்று பெண்களிடம் போய்வந்து "இல்லை" என்று கூறியவரை உள்ளே விடும் படிவம் என் பார்வையில் அநீதியானது. அம்மா, அது உங்கள் மகனுக்கும் பாதுகாப்பானதல்ல. அமெரிக்கா 1983 இல் தொடங்கிய தடையை 2015 இல் ஓராண்டாகவும், 2020 இல் மூன்று மாதமாகவும் குறைத்து, 2023 இல் எல்லாக் கொடையாளரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் முறைக்கு வந்தது. பிரித்தானியா 2021 ஜூன் 14 அன்றும், கனடா 2022 இலும் அந்த முறைக்கு மாறின.

இங்கே வேறொரு முடிச்சும் இருக்கிறது. 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. நீக்குவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் கூறியது, அவ்வளவே. குற்றம் என்று எழுதிவைத்துள்ள ஒன்றை, ஆசிரியையின் முன்னால், ஊராரின் காதுபட ஒப்புக்கொள்ளச் சொன்னால் எவர் ஒப்புக்கொள்வார்? படிவத்தை மடித்து வைத்துவிட்டுப் போன அந்த வாலிபர் யாராக இருந்தாலும், நோயாளியின் பார்வையில் அன்று மிகப் பொறுப்பாக நடந்துகொண்டவர் அவர்தான். அவருக்குக் கிடைத்த பரிசு ஊர்ப்பேச்சு.

பதில்: மாத்தளையிலிருந்து ஒரு தாய்

தம்பி, நீங்கள் சொன்ன நாடுகள் ஆய்வு செய்து, பரிசோதனை வசதிகளைப் பெருக்கிக்கொண்ட பின்பே மாற்றின. இங்கே அவற்றைச் செய்யாமல் கேள்வியை மட்டும் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் எல்லோரும் "இல்லை" என்று ஒரே குரலில் சொன்னார்கள் என்று ஆசிரியை எழுதியதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த "இல்லை"கள்தான் என் பிள்ளைக்கு வந்து சேர்கின்றன.

பதில்: பதுளை ஆய்வுகூடத்திலிருந்து

விதியை மாற்றுவது முகாம் நடத்துபவர்களின் கையில் இல்லை. கேட்கும் விதம் இருக்கிறது. தமிழ்ப் படிவத்தை முன்கூட்டியே கேட்டுப் பெற்று, வாசிக்கத் தெரிந்தவர்கள் தாமே நிரப்பும்படி செய்யுங்கள். வாசிக்க இயலாதவர்களுக்கு, அந்தத் தோட்டத்தைச் சேராத தமிழ் பேசும் தாதி ஒருவரை, மறைப்புக்குள் அமர்த்தும்படி ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் கோருங்கள். கொடுத்த பின்னர் மனம் உறுத்தினால், தமது இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று பை இலக்கத்தை மட்டும் கூறித் தொலைபேசியில் அறிவிக்கும் வழி இருக்கிறதா என்பதையும் கேட்டு, இருந்தால் அந்த எண்ணை எல்லோருக்கும் கொடுங்கள். மேலும், தொழிற்சங்கத் தலைவரோ கோயில் குழுவோ வீட்டுக்கொருவர் வர வேண்டும் என்று சொல்லக் கூடாது. 2014 முதல் இலங்கையில் சேகரிக்கப்படும் இரத்தம் முழுவதும் தன்னார்வக் கொடை என்று பெருமைப்படுகிறோம். வராதவர் பெயரைக் குறித்துவைக்கும் முகாமில் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை.

கேள்வி கேட்டவர்: கொட்டகலை ஆசிரியை

உங்கள் எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த அம்மாவின் லயத்துக்குப் போய் பையின் கணக்கைச் சொன்னேன். "அப்போ என் இரத்தத்தில பிழை இல்லை" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பரிசோதனைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரோடு இன்னும் ஆறு பேர். பரிசோதனைக்குப் போகும் சனிக்கிழமை அவர்களுக்கு அரைப்பேர் விழாதபடி தோட்ட நிர்வாகத்திடம் பேசிப் பார்க்க வேண்டும்.

அந்த வாலிபர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். அவருடைய தாயார் என்னிடம், அவருக்கு அன்று காய்ச்சல் என்று சொன்னார். ஆமாம், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது என்று, குழாயடியில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.