டெட் ஸ்பேஸ்: பாழிடமா, பாழ்வளியா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, மயக்கவியல் முதலாண்டு மாணவர்களுக்கான சுவாச உடலியங்கியல் பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். 'டெட் ஸ்பேஸ்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு மூச்சில் உள்ளே போகும் 500 மில்லிலிட்டர் காற்றில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் மூச்சுக்குழாய்களோடு நின்று, வாயுப் பரிமாற்றம் இல்லாமலே திரும்பிவிடுகிறது. பழைய வரைவில் இதற்கு 'வெற்றிடம்' என்றிருக்கிறது. இயற்பியலில் அது காற்றே இல்லாத இடமாயிற்றே. 'இறந்த வெளி' எனக்கே சிரிப்பை வரவழைக்கிறது.

தமிழாசிரியர்:
'பாழ்' இருக்க ஏன் அலைய வேண்டும்? பரிபாடலின் மூன்றாம் பாடல் எண்களை அடுக்கும்போது பாழ் என்று சுழியிலிருந்தே தொடங்குகிறது. பரிமாற்றம் சுழியாக உள்ள இடம் பாழிடம். 'பாழி' என்பதற்குக் குகை என்ற பொருளும் உண்டு. கிளை கிளையாக உள்ளே போகும் மூச்சுக்குழாயும் ஒரு குகைதான். அடைசேர்ப்பதும் எளிது: உடற்கூற்றுப் பாழிடம், நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளில் நேரும் நுண்ணறைப் பாழிடம், முகமூடியும் குழாயும் கூட்டும் கருவிப் பாழிடம்.

மயக்கவியல் ஆசிரியர்:
ஐயா, சுழி அழகாக இருக்கிறது, குகையை விட்டுவிடுவோம். பாழ் என்றால் மாணவர் கெட்டுப்போன நுரையீரல் என்றே எண்ணுவார். அந்த வழிதான் காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமூட்டி, தூசியை வடிகட்டி அனுப்புகிறது. 'இடம்' என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. நுரையீரல் தமனியைக் குருதிக்கட்டி அடைத்தால், காற்று நன்றாகப் போய்வரும் நுண்ணறைகளும் குருதியோட்டமின்றி டெட் ஸ்பேஸ் ஆகிவிடுகின்றன. இடம் அதேதான், அங்கே போகும் காற்றுதான் வீண். டென்மார்க்கின் உடலியங்கியலாளர் கிறிஸ்டியன் போர் (Bohr) 1891இல் தந்த சமன்பாடும் நாடா பிடித்து இடத்தை அளக்கவில்லை; வெளிவரும் மூச்சில் கரியமில வாயு எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதிலிருந்து மூச்சின் வீண்பங்கைக் கணக்கிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் 'பாழ்வெளி' என்று எழுதி, கொம்பை மட்டும் எடுத்துவிட்டால் 'பாழ்வளி' ஆகிவிடுகிறதே!

தமிழாசிரியர்:
வளி நல்ல சொல்தான். ஆனால் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும் தொல்காப்பியர் 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்றே தொடங்குகிறார். அந்த வளி மிடற்றில் நின்று ஒலியாவது உங்கள் டெட் ஸ்பேஸுக்குள்தான். பேச்சுப் பிறக்கும் வளியைப் பாழ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடத்தைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன்.

மயக்கவியல் ஆசிரியர்:
பாழ் என்ற சொல்லைக் கொண்டுவந்தவரே பின்வாங்குகிறார்! என் கவலை வேறு. அறுவையரங்கில் முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசும்போது வளியும் வெளியும் காதுக்கு ஒன்றுதான். சொல் எதுவானாலும் இந்தக் கணக்கைத் தாங்க வேண்டும்: நிமிடத்துக்கு 12 முறை 500 மில்லிலிட்டர் இழுத்தாலும், 24 முறை 250 இழுத்தாலும் மொத்தம் 6 லிட்டர்தான். ஆனால் மூச்சுக்கு 150 கழிந்தால், நுண்ணறைக்குச் சேர்வது முதலதில் 4.2 லிட்டர், அடுத்ததில் 2.4 லிட்டர் மட்டுமே. மேலோட்டமாக மூச்சுவிடும் நோயாளிக்குக் கரியமில வாயு ஏன் தேங்குகிறது என்பது இங்கேதான் புரிகிறது. இது மூச்சுக்கு மூச்சு கட்டும் சுங்கம். அதனால் 'வீண்மூச்சு' என்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
வீண்மூச்சு என்றால் பெருமூச்சு போல ஒலிக்கிறது, அம்மா. 'கருவி வீண்மூச்சு' என்று அடைசேர்க்கவும் வரவில்லை. இதுவரை கருத்துச் சொன்ன எழுவரில் நால்வர் பாழிடத்துக்கு இணங்கியிருக்கிறார்கள்; அதில் இருவர் இந்த உரையாடல் இழை நீண்டுவிட்டதே என்று இணங்கியவர்கள். முதல் இடத்தில் 'டெட் ஸ்பேஸ் எனும் பாழிடம்' என்றும், பிறகு பாழிடம் என்றும் எழுதிவிடுகிறேன்.

மயக்கவியல் ஆசிரியர்:
அச்சில் அப்படியே வரட்டும். வகுப்பில் நான் டெட் ஸ்பேஸ் என்றுதான் சொல்வேன். எதிர்வாக்கைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
பதிந்துகொண்டேன். அடுத்த பக்கத்தில் 'ஷன்ட்' நிற்கிறது: குருதி வருகிறது, காற்று வரவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.