தலையில் அடிபட்டது பற்றி: புதுப்பிப்பு

குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டதையும், சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற பிறகும் தலைசுற்றல் விடவில்லை என்பதையும் முன்பு எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. இப்போது பெரும்பாலும் தேறிவிட்டேன்.

ஸ்கேன் விஷயம் புரிந்தது. ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இதெல்லாம் அதில் தெரியும். மூளை குலுங்கி அதன் வேலை கொஞ்ச நாள் தடுமாறுவது படத்தில் விழாது.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கச் சொன்னவர்களுக்கு: டாக்டர் அது வேண்டாம் என்றார். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, அப்புறம் மெல்ல நடை. தலைவலி கூடினால் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதலில் முற்றம், பிறகு சானல்கரை (கால்வாய்க்கரை) என்று நடை சீக்கிரம் பழகிவிட்டது. செல்போன்தான் பெரும்பாடு. வாட்ஸ்அப்பில் நாலு வரி தள்ளினாலே கண்ணுக்குப் பின்னால் இறுக்கிப் பிடிக்கும். மார்த்தாண்டம் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு குமட்டல். திருவிழா மைக்செட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ரப்பர் வெட்டுக்கு இன்னும் போகவில்லை. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஈரச் சரிவில் குனிந்து நிமிரும் வேலை அது. முழுதாக ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து. பைக் சாவியும் மைனி (அண்ணி) கையில்தான் இருக்கிறது.

மகன் விழுந்துவிட்டான் என்று கேட்ட அக்காவுக்கு: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.