டிரான்ஸ்மிஷன் லைன்: 'அலைக்கால்' வேண்டாம், 'அலைத்தடம்' என்போம்

அண்ணாச்சி, வணக்கம்.

மின்குறிகை அலையாக ஓடும் கம்பியை ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்மிஷன் லைன்' என்கிறோம்; அதற்குத் தமிழில் 'அலைக்கால்' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பாளையங்கால், கோடகன்கால் என்று வாய்க்காலைக் கால் என்றே சொல்லும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபடும். ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் பாடத்தில் அடிக்கடி வரும் நீளமே கால் அலைநீளம்தான், அதாவது அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு. 'கால் அலை அலைக்கால்' என்று எழுத வேண்டி வரும். படிக்கிறவர்கள் தடுமாறிப் போவார்கள்.

இதற்கே 'மின் தொடரமைப்பு' என்று இன்னொருவர் சொல்லியிருந்தார். அது மின்வாரியத்தில் வேரூன்றிய சொல், அங்கேயே இருக்கட்டும். கூடங்குளத்திலிருந்து வரும் 400 கிலோவோல்ட் கோபுர வரிசைக்கு அது பொருத்தம். 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 6000 கிலோமீட்டர். அதன் முன்னே நம் மாவட்டத்துக் கம்பி எம்மாத்திரம்? சில மின்தூண்டிகளும் மின்தேக்கிகளும் போட்டாலே கணக்கு முடிந்துவிடும். ஆனால் ஐப்பசி மழையில் அதே கம்பியில் இடி விழுந்தால், மைக்ரோநொடிக் கணக்கில் அலை ஓடுகிறது, முனையில் மோதித் திரும்புகிறது. கம்பி ஒன்றுதான், நடத்தை வேறு. நமக்கு வேண்டியது அந்த நடத்தைக்கான பெயர்.

மின்சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் (SPICE) மென்பொருளில் பாருங்கள். இழப்பில்லாத கம்பிக்கு 'டி' என்ற உறுப்பு. சிறப்பியல்பு மின்மறுப்பு (கம்பியில் ஓடும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்), அலை மறுமுனை போய்ச் சேரும் தாமதம் இரண்டையும் கொடுத்தால் போதும். 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் என்றால் 50 ஓம், ஏறக்குறைய 50 நானோநொடி. 50 ஓம் உள்தடை கொண்ட மின்மூலத்திலிருந்து 1 வோல்ட் படியை (சுழியிலிருந்து சட்டென்று ஏறி நிற்கும் மின்னழுத்தத்தை) செலுத்தி, மறுமுனையை எதனோடும் இணைக்காமல் திறந்து விடுங்கள். மூலத்தின் பக்கத்து முனை 100 நானோநொடி வரை அரை வோல்ட்டிலேயே நிற்கும்; மறுமுனையில் மோதிய அலை எதிரொலியாகத் திரும்பி வந்த பிறகுதான் 1 வோல்ட்டுக்கு ஏறும். வெறும் கம்பியாக வரைந்திருந்தால் இந்தப் படிக்கட்டே தெரியாது. அந்த 'டி' உறுப்புக்குள்ளே நடப்பதும் அழகான வேலை: ஒவ்வொரு முனையிலும் ஒரு 50 ஓம் தடை, அதோடு எதிர்முனையில் 50 நானோநொடிக்கு முன் இருந்ததை நினைவில் வைத்திருக்கும் ஒரு மூலம். அவ்வளவுதான்.

அதனால்தான் 'அலைத்தடம்' என்கிறேன். அச்சுப்பலகையின் (பிசிபி) செப்புக் கோட்டையும் தடம் என்றே சொல்லலாம், கேபிளுக்கும் ஒட்டும். இழப்பிலா அலைத்தடம், இழப்புறு அலைத்தடம், பிணை அலைத்தடம் (அருகருகே ஓடி ஒன்றையொன்று பாதிக்கும் தடங்கள்) என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன.

அப்புறம், 'பிணை' என்றால் ஜாமீன் நினைவு வருமோ என்று எனக்கே ஒரு தயக்கம். 'இணை' என்றால் பக்க இணைப்போடு (பேரலல்) குழம்பும். இந்த ஒன்றுக்கு மட்டும் உங்கள் யோசனையை எழுதுங்கள் அண்ணாச்சி.