ஸ்கைலைன் ஆர்33: பூஸ்ட் கூட்டினால் வண்டி திணறுகிறது, உதவுங்கள்

நீலக்கார், மெல்பர்ன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 1994 நிசான் ஸ்கைலைன் ஆர்33 ஜிடிஎஸ்-டி, மேனுவல் கியர். அதன் ஆர்பி25டிஇடி டர்போ இன்ஜினில் எதையும் தொடவில்லை. 3 அங்குல எக்ஸாஸ்ட் மட்டும் முன்பு வைத்திருந்தவர் போட்டது. இப்போது பூஸ்ட்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கையால் திருகி வைக்கும் கன்ட்ரோலர் ஒன்று மாட்டியிருக்கிறேன். 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பூஸ்ட்டில் வண்டி சுத்தமாக ஓடுகிறது. 12-க்கு ஏற்றினால், மூன்றாவது கியரில் 4500 ஆர்பிஎம் தாண்டியதும் திணறுகிறது, பின்னால் கரும்புகை வேறு. பட்ஜெட் 1500 டாலர். பெரிய டர்போ போடச் சொல்லிவிடாதீர்கள். திணறல் போய்க் கொஞ்சம் பவர் கூடினால் போதும்.

பெர்த்வாசி:
தம்பி, முதலில் அந்தத் திருகை 10-க்கு இறக்குங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். உங்கள் டர்போவில் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் பீங்கான். 12-க்கு மேல் போனால் அது எப்போது தண்டைவிட்டுக் கழன்று ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திணறலுக்கு என் சந்தேகம் காயில் பேக் (பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்கள்) மேல்தான். முப்பது வயதுக் காயிலில் மேலுறை விரிசல் விட்டிருக்கும். பூஸ்ட் ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பிளக் முனையில் பொறி தாவ அதிக வோல்ட் தேவைப்படும். அப்போது மின்சாரம் சுலபமான வழியைப் பார்த்து, விரிசல் வழியாகவே சிலிண்டர் ஹெட்டுக்குத் தாவிவிடும். பொறி தவறி வண்டி மிஸ் அடிக்கும். புது காயில் வாங்கும் முன், பிளக் இடைவெளியை 1.1 மி.மீ.யிலிருந்து 0.8-க்குக் குறைத்துப் பாருங்கள். என்ஜிகே பிசிபிஆர்6இஎஸ்-8 என்று கேட்டால் அந்த இடைவெளியோடே கிடைக்கும்.

ஆறுசிலிண்டர்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் கரும்புகையை விட்டுவிட்டார். எரியாத பெட்ரோலாலும் புகை வரலாம், வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) ஹோஸில் கசிவு. இந்த வண்டியில் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அளந்த காற்று வழியில் வெளியே போனாலும் ஈசியூ (இன்ஜினின் கணினி) அதற்கும் சேர்த்தே பெட்ரோல் ஊற்றும். மிஞ்சிய பூஸ்ட்டைப் புஸ் என்று வெளியே ஊதும் புளோ-ஆஃப் வால்வு போட்டாலும், கியர் மாற்றும்போது இதே கதைதான். சத்தத்துக்கு ஆசைப்பட்டு அதை மட்டும் வாங்காதீர்கள்!

இரண்டாவது, ஈசியூவே இன்ஜினைக் காப்பாற்றப் பார்ப்பது. தனக்குத் தெரிந்த அளவைத் தாண்டிக் காற்று வந்தால் பெட்ரோலைக் கூட்டி, பொறியைத் தாமதமாக்கிவிடும். படபடவென்று மிஸ் அடித்தால் காயில், பிளக். மிஸ் இல்லாமல், ஆக்சிலரேட்டரை மிதித்தும் இழுவை செத்துப்போனால் ஈசியூ.

நீலக்கார்:
பிளக் மாற்றியாயிற்று. கிளாம்ப் எல்லாம் இறுக்கிப் பார்த்தேன், கசிவு இல்லை. படபடப்பு போய்விட்டது, நன்றி அண்ணா. 10-ல் கடைசிவரை இழுக்கிறது. ஆனால் ஒரே ஒருமுறை 12 வைத்துப் பார்த்தேன் (திட்டாதீர்கள்), 5500-க்கு மேல் மந்தமாகிறது, மிஸ் இல்லை. ஈசியூவை ரீமேப் செய்யலாமா, அதாவது அதற்குள் இருக்கும் கணக்கை மாற்றலாமா?

ஆறுசிலிண்டர்:
அதுதான், ஈசியூ வேலை. ஆர்33-இன் சொந்த ஈசியூவை ரீமேப் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. பலர் அதற்குப் பதிலாகப் போட பழைய அபெக்ஸி பவர் எஃப்சி ஈசியூ தேடுவார்கள், அல்லது நிசான் 300இசட்எக்ஸ் காரின் ஈசியூவில், டியூன் செய்ய உதவும் நிஸ்டியூன் பலகை வைத்து மாட்டுவார்கள். டைனோவில் (பவர் அளக்கும் கருவி) டியூன் செய்யும் கூலியும் சேர்ந்தால் உங்கள் 1500 தாங்காது. அதனால் 10-லேயே நிறுத்தி, பணத்தை முன்பக்க இன்டர்கூலரில் போடுங்கள். சொந்த இன்டர்கூலர் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பெட்டி, இரண்டு மூன்று தடவை முடுக்கினாலே சூடேறிவிடும்.

பெர்த்வாசி:
இன்டர்கூலருக்கு என் ஓட்டு இரண்டாவதுதான். முதல் செலவு புது காயில் செட். இடைவெளியைக் குறைத்தது ஒட்டுப்போட்ட மாதிரி, விரிசல் அங்கேயேதான் இருக்கிறது. கூடவே பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றுங்கள், ஊற்றுவது 98 ஆக்டேன் மட்டும்தான். ஜப்பானில் இந்த வண்டியை டியூன் செய்ததே 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு. மாற்றியதையெல்லாம் இன்சூரன்சிலும் சொல்லி வையுங்கள்.

நீலக்கார்:
சரி அண்ணா, காயில் இந்த மாதம், இன்டர்கூலர் அடுத்து. ஒரு சின்னச் சந்தேகம்: என் வண்டி ஆர்33-இல் முதலில் வந்த சீரிஸ் 1. சீரிஸ் 2 காயில் பொருந்துமா?

பெர்த்வாசி:
அப்படியே மாட்ட முடியாது. சீரிஸ் 1-இல் காயிலை இயக்கும் இக்னைட்டர் தனியாக மேலே இருக்கும், சீரிஸ் 2-இல் காயிலுக்குள்ளேயே வரும். வயரிங் வேறு. சீரிஸ் 1 என்று சொல்லியே கேளுங்கள்.