புதுப்பிப்பு: தோட்ட வலைப்பூவை மூடவில்லை

மூன்று மாதம் முன்பு, "தோட்டம் பற்றி எழுதுகிறேன், ஒருவரும் படிப்பதில்லை, மூடிவிடவா?" என்று இங்கே புலம்பியிருந்தேன். பலரும் சொன்னது ஒன்றுதான்: எழுதும் பரப்பைக் குறை. சரி, குறைத்தேன். இப்போது சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் தொட்டிச்செடி, வேறெதுவும் கிடையாது.

ரோஜாவுக்கு என்ன உரம் என்பதைச் சென்னைக்காரர்கள் என்னைவிட நன்றாகவே எழுதுகிறார்கள், ஆனால் ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், ஆண்டு முழுக்க ஒரே வெயிலில் இருக்கிற நமக்கு எப்படிப் பொருந்தும்? டேப் பிடித்து அளந்து, 1.2 மீட்டர் வழி விட்டு, கறிவேப்பிலைத் தொட்டியைச் சுவரோரம் ஒட்டி வைத்த படத்தைப் போட்டேன். தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டாவிட்டால் டெங்கிக் கொசு வந்துவிடும் என்று கீழே ஒரு வரி. அதற்குத்தான் கேள்விகள் குவிந்தன. பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுத்தால் என்ன செய்வது என்பது உட்பட (ஒரு கொத்து இலை கொடுங்கள், என் அனுபவம்).

நடுவில் ஆசைப்பட்டு மீ கோரிங் (வறுத்த நூடல்ஸ்) செய்முறை போட்டேன். ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் வலைப்பூவில் காசு வருகிறதா என்று கேட்டிருந்தீர்களே, இன்னும் ஒரு வெள்ளிகூட (டாலர்) வரவில்லை. அடுத்தது முருங்கை.